வளைவுக்கு ஒரு வாய்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே சுவரோரம் ஒதுங்கிப் போகிறவள். யாராவது வழி கேட்டால்கூட வாய் திறக்காமல் கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததே அதிகப்படி. அதுவும் சாப்பிடுவதைப் பற்றி. ஊரில் எல்லோரும் தினம் செய்கிற காரியத்தில் நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. தாளில் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது கவுஞ்சியில். கல்யாணமாகி வந்தது பள்ளங்கிக்கு. இரண்டும் மலைமேல் இருக்கிற ஊர்கள். வீட்டில் உட்கார்ந்து மலைப்பூண்டைத் தரம் பிரித்துக் கொடுப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். மலைக்கும் கீழுக்கும் அவர் போய்வந்த நடைக்கு எண்ணிக்கை கிடையாது.

டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சாப்பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டல்களில் பின்பக்கம், பெரும்பாலும் பாத்திரம் கழுவுகிற இடத்தை ஒட்டி, டிரைவர்களுக்கென்று ஒரு மேஜை கிடக்கும். பார்ட்டியை, அதாவது வண்டியில் வந்தவர்களை, கூட்டிவந்ததற்காக டிரைவருக்குச் சாப்பாடு போடுவார்கள். ஆனால் பார்ட்டி கை கழுவிவிட்டு வெளியே வரும்போது டிரைவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்க வேண்டும். அவர்கள் என்ன வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே இவர் சாம்பார், ரசம், மோர் மூன்றையும் முடித்திருப்பார். சோற்றை உருட்டுவார், போடுவார், விழுங்குவார். வீட்டிலும் அதே மாதிரிதான். யாரும் அவசரப்படுத்தாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கண்ணை வாசலில் நிற்கிற வேன் மேல் வைத்தபடி, "வெரசா வை, சோலி கெடக்கு" என்பார். ஒருநாள் கை கழுவியவரிடம் இன்று என்ன குழம்பு என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் திரும்பித் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒன்றும் இல்லை. குழம்புதான் என்றார்.

போன வருஷம் வயிற்றுப் புண் முற்றி, திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இருக்கிற சின்ன வயிற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று கூழாக்கித்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாடு கடகடவென்று குடலுக்குள் இறங்கி மயக்கம் வரும், உடம்பில் ஒட்டாது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அடுத்த தடவை வரும்போது எடை ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, அதன் வழியாகத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். குழாயோடு வண்டி ஓட்டலாமா? அதெல்லாம் நினைக்கவே வேண்டாம் என்றார் டாக்டர்.

அங்கே உணவு ஆலோசனை சொல்வதற்கென்று ஒரு பெண் இருந்தது. கட்டிக்கொடுத்துவிட்ட என் மகள் வயதுதான் இருக்கும். போன் இல்லாமல், டிவி இல்லாமல், ஒவ்வொரு வாயையும் கவனித்து, அதன் வாசனை, சூடு, ருசி எல்லாவற்றையும் உணர்ந்து சாப்பிட வேண்டும் என்று அது நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. செய்து பார்ப்பதற்காக அவர் கையில் ஒரு துண்டு வாழைப்பழத்தைக் கொடுத்து, முதலில் அதன் நிறத்தைப் பாருங்கள் என்று ஆரம்பித்தது.

"அண்ணே, பழம் எங்க?"

"உள்ள போயிருச்சும்மா."

அந்தப் பெண் சிரித்துவிட்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மலை ஏறுகிற பஸ்ஸில் அவர் சட்டைக்கு மேல் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தார்.

வீட்டில் டிவியை அணைத்தேன். போனை அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். சின்னத் தட்டில், சின்ன அளவில், வேளைக்கு வேளை வைத்தேன். ஆனால் அத்தனை வருஷப் பழக்கம் தொண்டையில் இருந்தது. வாயில் போட்டதும் அது தானாக இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தரையில் பாயைக்கூட விரிக்காமல் படுத்துக்கொள்வார். பிறகு தட்டைப் பார்த்தாலே பயப்பட ஆரம்பித்தார். பயத்தில் இன்னும் குறைத்துச் சாப்பிட்டார். சட்டை தோளில் மாட்டிய மாதிரி இல்லாமல் ஹேங்கரில் தொங்குகிற மாதிரி தொங்கியது. வாசலில் வேன் தார்ப்பாய்க்குள் கிடந்தது. தினம் காலையில் போய்த் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "ஏலே, இருக்கியா" என்று கேட்டுவிட்டு வருவார்.

நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். போன் பேசுவது எனக்குப் பெரிய வேலை, என்ன சொல்வது என்று முன்னாலேயே மனப்பாடம் செய்துகொண்டுதான் பேசினேன். அது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவரைத் தனியாகச் சாப்பிட விடாதீங்க அக்கா, நீங்களும் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள், உங்களைப் பார்த்து அவருக்கும் வந்துவிடும் என்றது.

அது சுலபமாகச் சொல்லிவிட்டது. பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு நான் யார் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் மெல்லும்போது என் வலது தாடை 'டக்' என்று சத்தம் போடும். வலி ஒன்றும் கிடையாது, சத்தம் மட்டும்தான். கவுஞ்சிப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கேட்டுவிட்டது. அன்றிலிருந்து என் பெயர் கடிகாரம். சாப்பாட்டு மணி அடித்தால் மணி என்ன என்று என் வாயருகே வந்து காது வைத்துக் கேட்பார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு விறகு அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தேன். பிறகு எல்லா இடத்திலும் அப்படியே ஆகிவிட்டது. புகுந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பின் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். அடக்கமான பெண் என்று பேர் வாங்கினேன். என் வீட்டுக்காரர் நான் சாப்பிடுவதைப் பார்த்ததே இல்லை என்றால் நம்ப மாட்டீர்கள். அவருக்கும் அது தோன்றியதில்லை.

அன்று சாயங்காலம் மூடுபனி வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. எங்கள் பக்கம் அந்த நேரத்தில் எதிர்வீடு மறைந்துவிடும், பிறகு வேலி மறையும், கடைசியில் நம் வீடு மட்டும் எங்கேயோ மிதக்கிற மாதிரி இருக்கும். வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. குழைந்த சோறும் பாசிப்பருப்பும் இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் தட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வாய் எடுத்து மென்றேன். டக்.

"அது என்ன சத்தம்?"

"தாடைங்க."

"எப்ப இருந்து?"

"சின்னப் பிள்ளையில இருந்தே இருக்கு."

அவர் கை பாதியில் நின்றது. இன்னொரு தடவை மென்று காட்டச் சொன்னார். காது மடல்வரை சூடேறியது, இருந்தாலும் மென்றேன். டக், டக். அவர் தலையைச் சாய்த்து, எஞ்சின் சத்தம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இத்தன வருசமா இண்டிகேட்டர் போட்டுத்தான் சாப்பிட்டிருக்க. ரோட்டுல எனக்குத்தான் தெரியல."

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். சோறு மூக்கில் ஏறித் தும்மினேன். அவரும் கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டே சிரித்தார். சிரித்ததில் அவர் வாயில் இருந்த சோறு விழுங்கப்படாமல் அங்கேயே நின்றது. அதை அவர் மெதுவாக, என் சத்தத்துக்குச் சேர்த்து, மென்றார். அன்று வியர்க்கவில்லை.

மறுநாள் அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். தூங்குகிறாரோ என்று பார்த்தால் இடது கை மடியில் மெல்ல அசைகிறது. கியர் மாற்றுகிறார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அடிவாரத்துக் காட்ரோடு தாண்டி மலை ஏற ஆரம்பித்துவிட்டது என்றார். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு வாய், வளைவு முடிகிற வரைக்கும் மெல்ல வேண்டும், நடுவில் விழுங்கினால் வண்டி பள்ளத்துக்குப் போய்விடும். இதுதான் அவர் வைத்துக்கொண்ட கணக்கு. முதல் கியரில் ஏறுகிற வண்டி எவ்வளவு மெதுவாகப் போகும் என்று அவருக்குத் தெரியும். அந்த வேகத்தில் தாடை அசைந்தது.

அப்படித்தான் நாங்கள் தினமும் மலை ஏறினோம். காலை இட்லிக்கு வாழைத்தோட்டங்கள் கீழே இறங்கிப் போயின. மத்தியானச் சோற்றுக்கு டம்டம் பாறை வந்தது. தூரத்தில் எலிவால் அருவி வெள்ளை நூல் மாதிரி தொங்க, ஒரு வாய் மோர்ச்சோறு நாக்கில் குளிர்ந்துகொண்டே இருந்தது. சாயங்காலக் கஞ்சிக்கு ஊத்து என்கிற ஊர், பிறகு பெருமாள்மலை. அங்கிருந்து காற்று மாறும். ஜன்னலை ஏற்று என்பார், நான் எழுந்துபோய் உண்மையிலேயே ஜன்னலைச் சாத்துவேன். சில்வர் காஸ்கேட் அருவி வரும்போது தட்டில் கடைசி வாய் இருக்கும். தண்ணீர் தெறிக்கிற மாதிரி எனக்கு முகமெல்லாம் சில்லென்று இருக்கும். நாங்கள் தரையில்தான் உட்கார்ந்திருந்தோம், ஆனால் எழுந்தால் கால் மரத்துப்போய், நெடுந்தூரம் பயணம் செய்த மாதிரியே இருந்தது.

ஒளிந்து தின்ற பழக்கத்தில் எனக்கும் அவசரம் உண்டு. ஒருநாள் அவர் பாதியில் இருக்கும்போது நான் முடித்துவிட்டேன்.

"ஏறுற வண்டிக்குத்தான் புள்ள வழி விடணும். நீ எறக்கத்துல வர்றவன் மாதிரி வர்ற. ஓரமா நில்லு" என்றார். நான் ஓரமாக நின்றேன். அதாவது, அவர் முடிக்கும்வரை கடைசிச் சோற்றை விரலால் சேர்த்துக்கொண்டு காத்திருந்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் வைக்கிற ரசத்தில் சீரகம் கடைசியாகத்தான் வருகிறது. முதலில் புளி, பிறகு மிளகு, எல்லாம் போன பின் அது. நாற்பதைத் தாண்டி ஒருத்தி தன் ரசத்தை முதல்முறையாகச் சாப்பிட்டாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. சீசன் தொடங்கியிருந்தது. அவருடைய பழைய பார்ட்டி ஒருவர் மதுரையிலிருந்து போன் செய்து, வண்டி வருமா என்று கேட்டார். இப்போதைக்கு இல்லைங்க, சீக்கிரம் வரும் என்று இவர் சொன்னார். போனை வைத்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். அன்று நல்ல வெயில். தட்டு வைத்ததும், "இன்னைக்குக் கீழ போவோம். பார்ட்டிய ஏத்திட்டு வரணும்ல" என்றார்.

எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எப்போதும் ஏறிக்கொண்டே இருந்தால் எப்படி, வண்டி என்றால் இறங்கவும் வேண்டும்தானே என்றிருந்தது. பெருமாள்மலை வந்தது, உடனே ஊத்து வந்தது. பாடிக்கொண்டு இறங்குகிற வண்டி மாதிரி சந்தோஷமாக இருந்தது. இறக்கத்தில் வண்டி தானாக ஓடும் என்பதை நான் யோசிக்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. டம்டம் பாறைக்கு முன்னாலேயே தட்டு காலி. அடிவாரத்துப் பத்தலக்குண்டே வந்திருச்சு என்று கையைக் கழுவினார்.

கொஞ்ச நேரத்தில் வியர்வை கொட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு சில நாட்கள் வெறும் கஞ்சித் தண்ணீர்தான் நின்றது. ஏறியிருந்த கொஞ்சமும் போய்விட்டது என்று பெல்ட்டின் ஓட்டையே சொன்னது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் கிட்டத்தில் வந்துவிட்டது. சாலையைப் பற்றி அவர் பேசவில்லை. காலையில் வேனைப் பார்க்கவும் போகவில்லை.

"கொழாயவே வச்சிரட்டும். வண்டியக் குடுத்திருவோம்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பூண்டு பிரித்துக்கொண்டே யோசித்தேன். அவர் அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறார். நான் போனது கொஞ்சம்தான், அதுவும் இடது பக்க ஜன்னலோரம், தலையைச் சாய்த்துக்கொண்டு. ஆனால் அந்தக் கொஞ்சத்திலேயே எனக்கு நிறைய ஞாபகம் இருந்தது.

அன்று சாயங்காலம் பட்டர்பீன்ஸைக் குழைய வேகவைத்து, பூண்டு தட்டிப்போட்டு, கொஞ்சம் சோற்றோடு கொண்டுபோய் வைத்தேன். பனி வந்திருந்தது.

"இன்னைக்கு நீங்க ஓட்ட வேணாங்க. பக்கத்து சீட்டுல உக்காருங்க."

"அப்ப யாரு ஓட்டுவா? நீயா?"

"யாரோ ஓட்டட்டும். வண்டி போகும்."

"லைசென்ஸ் இருக்கா அவனுக்கு?"

கேட்டுவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எதிரெதிராக இல்லாமல் இருவரும் வாசலைப் பார்த்த மாதிரி. வாசலில் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. நான் பேச ஆரம்பித்தேன். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஊத்துக்கு மேலே ஒரு வீடு, நீலக் கதவு, எப்போது போனாலும் ஒரு பெண் படியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருப்பாள். அதற்கடுத்த வளைவில் காப்பிப்பழம் காயவைத்திருப்பார்கள், மழைக்காலத்தில் அந்த இடத்தில் ஒரு புளித்த வாசனை வண்டிக்குள் வந்துபோகும். பாறையில் ஒரு மரம் வேரை வெளியே போட்டு நிற்கும், அந்த வேரில் யாரோ ஒரு பழைய செருப்பை மாட்டியிருக்கிறார்கள், வருஷக்கணக்காக அது அங்கேயே இருக்கிறது.

"எந்த எடத்துல?" என்றார். சொன்னேன். அவர் நம்பவில்லை. தினம் போகிற வழியாயிற்றே என்றார். "கண்ணு ரோட்டுல இருந்தா இதெல்லாம் எங்க தெரியுது" என்று பிறகு அவரே சொன்னார்.

பனி ஒரு அடி உள்ளே வந்து, விளக்கைச் சுற்றி நின்றது. நான் சாலையை விட்டுவிட்டேன். அவரும் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன், இடது கை அசையவில்லை. அவர் ஒரே ஒரு பட்டர்பீன்ஸை எடுத்து, விளக்கில் பார்த்து, வாயில் வைத்தார். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் தாடை மட்டும் நடுநடுவே டக் என்றது.

"தோலு தனியாக் கழண்டு வருது. உள்ள மாவு மாதிரி" என்றார். பிறகு இன்னொன்று எடுத்தார். பிறகு சோற்றோடு சேர்த்து ஒரு வாய்.

"இந்தப் பூண்டுல பொகை வாசம் அடிக்குது."

அது அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிற பூண்டு, நம் வீட்டில் எப்போதும் அதுதான் என்றேன். எப்போதுமா என்று கேட்டார். எப்போதும் என்றேன்.

தட்டில் பாதி குறைந்திருந்தபோது நிறுத்தி, என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு."

கல்யாணமானதிலிருந்து என் சமையலில் அவர் சொன்ன முதல் குறை அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்பு எடுக்கப் போகிற சாக்கில் அடுப்படிக்குப் போய் முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தேன். உப்பைத் தொட்டுக்கொண்டு மிச்சத்தையும் சாப்பிட்டார். வெளியே வேலி மறுபடி தெரியும்வரை சாப்பிட்டார். வியர்க்கவில்லை. படுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வரைக்கும் அப்படியே நடந்தது. சில வேளை ஜன்னலோரப் பயணம், சில வேளை ஒன்றுமே இல்லாமல் தட்டும் நாங்களும் மட்டும். பேரிக்காயை வேகவைத்துக் கொடுத்தால் அதில் மணல் மாதிரி ஒன்று இருக்கிறது என்பார். முட்டையில் மஞ்சள் கரு இன்று நேற்றைவிட இறுகிவிட்டது என்பார். நானும் சொல்வேன். எங்களுக்குள் இவ்வளவு பேச்சு இதற்கு முன்னால் இருந்ததில்லை. எடை ஏறியதா என்று தெரியாது. வீட்டில் பார்க்க வழியில்லை. பெல்ட்டை மட்டும் இருவரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டோம்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவர் எழுந்துபோய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். வேனிடம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து, தட்டை இரண்டு பேருக்கும் அவரே எடுத்துவைத்தார். அடுப்படிக் கதவு திறந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பூண்டு மூட்டையைக் கேட்டு வந்து, நாங்கள் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றது. என்ன, புதுக் கல்யாணமா என்று கேட்டது. நான் மென்றுகொண்டிருந்தேன். டக் என்று கேட்டிருக்கும். எழுந்திருக்க நினைத்தேன், ஆனால் வாயில் இருந்தது இன்னும் முடியவில்லை. முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் திண்டுக்கல் போனோம். எடை முக்கால் கிலோ கூடியிருந்தது. குழாய் இப்போது வேண்டாம், அடுத்த மாதம் வந்து காட்டுங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் ஆளுக்கு ஒரு இட்லி வாங்கினோம். அவர் முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்தோம்.